பிளேட்லெட் பையா, ஏழாம் காரணி ஊசியா?

டெங்குக் காலத்தில் கொழும்பில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் கவுன்ட்தான் பேச்சு, ரத்தத்தை உறையவைக்கும் சின்ன அணுக்களின் எண்ணிக்கை. கவுன்ட் நல்லதென்றால் எல்லாம் நல்லது என்பது மனதில் ஊறிப்போன கணக்கு. மகளுக்கு ஒன்றரை மணிநேரம் மூக்கால் ரத்தம் ஓடிய அன்று கவுன்ட் 2,60,000. "சூடு ஏறிட்டுது" என்று ஒரு கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு இருப்பது கிளான்ஸ்மன் நோய். சுவிஸ் குழந்தை மருத்துவர் எடுவார்ட் கிளான்ஸ்மன் 1918-இல் விவரித்தது. இதில் பிளேட்லெட் போதிய அளவு இருக்கும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் புரதம்தான் இருக்காது, அல்லது வேலை செய்யாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். என் கணவர் எனக்கு மாமா மகன்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. திரட்டுச் சோதனைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், எடுத்த நான்கு மணிநேரத்துக்குள் செய்ய வேண்டும். பிளேட்லெட்டைத் தூண்டும் ஏடிபி, கொலாஜன் எதைச் சேர்த்தாலும் அது திரளாது, ரிஸ்டோசெட்டின் என்ற பொருளுக்கு மட்டும் ஒட்டும். பெர்னார்ட்-சூலியர் என்ற இன்னொரு பிளேட்லெட் நோயில் இது தலைகீழ். மற்றது ஃப்ளோ சைட்டோமெட்ரி, பிளேட்லெட்டின் மேல் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குக் கொஞ்ச ரத்தம் போதும், கைக்குழந்தைக்கு அதுவே வசதி. ஆனால் புரதம் இருந்தும் வேலை செய்யாத வகையை அது தவறவிடலாம். முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

இனி சிகிச்சை. பாதி நாட்களில் பையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மகளை முன்னே குனியவைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிப்பேன். இடையில் விட்டுப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியும் உதவும். சிறுநீரில் ரத்தம் என்றால் மட்டும் அந்த மருந்தை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, உறைந்த ரத்தம் சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொள்ளும்.

அதற்கும் நிற்காவிட்டால்தான் இந்தக் கேள்வி. பிளேட்லெட் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த வங்கியிலிருந்து வரும். மங்கிய மஞ்சள் நிறப் பை, ஆயுள் ஐந்தே நாள். பெரிய ரத்தப்போக்குக்கும் பெரிய அறுவைக்கும் அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. சிக்கல் என்னவென்றால், அவள் உடம்பு அறியாத புரதம் அந்தப் பையில் இருக்கிறது. எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் அடுத்த பை பலிக்காமல் போகலாம். பிற்காலத்தில் கர்ப்பமானால் அந்த எதிர்ப்பொருள் குழந்தையையும் தாக்கலாம்.

ஏழாம் காரணி என்பது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம். அதன் ஊசியில், அதாவது நோவோசெவனில், அந்தப் பயம் இல்லை. விலைதான் மலைக்க வைக்கிறது. எடையில் கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. ஒன்றோடு நிற்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதுமில்லை, வேண்டாத இடத்தில் ரத்தம் கட்டும் ஆபத்தும் சிறிது உண்டு.

பெண் பிள்ளை. பெரியபிள்ளையாகும் நாளும் பிரசவமும் இன்னும் முன்னால் இருக்கின்றன. ஆகவே நான் பையைப் பெரிய ஆபத்துக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்வேன். பல் பிடுங்க, சின்ன அறுவைக்கு எல்லாம் டிரானெக்ஸாமிக், தேவைப்பட்டால் ஊசி. உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் பை, அதுவும் வெள்ளணு நீக்கியது, கிடைத்தால் எச்எல்ஏ என்ற திசு வகை பொருந்தியது.

இதை எங்கள் ரத்தநோய் மருத்துவரோடு பேசி ஓர் அட்டையில் எழுதி அவளுடைய பாடசாலைப் பையில் வைத்திருக்கிறேன். நோயின் பெயர், ரத்த வகை, கீழே சிவப்பில்: அஸ்பிரின், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் வேண்டாம். காய்ச்சலென்றால் பனடோல் (பாரசிட்டமோல்) மட்டும். தசையில் ஊசி போடாதீர்கள்.