இறங்கிய பேட்டரி: கேபிளா, ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியா, தள்ளு ஸ்டார்ட்டா?

சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டு, டாஷ்போர்டு விளக்குகள் மங்கி, செல்ஃப் எடுக்காமல் நின்றுவிடும் காரைக் கிளப்ப நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: இன்னொரு காரிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போடுவது, கைக்கு அடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பயன்படுத்துவது, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது, உதவிச் சேவையையோ பேட்டரிக் கடைக்காரரையோ அழைப்பது. இவற்றுள் எது சிறந்தது என்பது வண்டியின் வகையையும், அது எங்கே நிற்கிறது என்பதையும் பொறுத்தது.

எந்த வழியானாலும் முதலில் பானட்டைத் திறந்து டெர்மினல்களைப் பார்த்துவிடுவது நல்லது. பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தாலோ, கிளாம்ப்பைக் கையால் திருகினால் அசைந்தாலோ, கோளாறு பேட்டரியில் இல்லாமல் அந்த இணைப்பிலேயே இருக்கலாம். அதைத் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மாறாக, பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்திருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, எந்த முறையிலும் கரண்ட் கொடுக்கக் கூடாது. மேலே சிறு கண்ணாடிக் கண் உள்ள பேட்டரிகளில் பச்சை நிறம் சார்ஜ் இருப்பதையும், கறுப்பு இறங்கியிருப்பதையும், நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ தெரிவது உள்ளே திரவம் வற்றியதையும் பொதுவாகக் குறிக்கும். வற்றிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுப்பது ஆபத்து.

ஜம்ப்பர் கேபிளின் பெரிய பலம், அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை என்பதுதான். டிக்கியில் நான்கு வருடம் கிடந்தாலும் வேலை செய்யும். ஆனால் அந்தப் பலம் கேபிளின் கனத்தைப் பொறுத்தது, ஏமாற்றமும் அங்கேதான் நடக்கிறது. சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்கூட 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. 3 மீட்டர் நீளமுள்ள 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் அந்தக் கரண்ட் போய்த் திரும்பும்போது ஏறத்தாழ 2.6 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இழப்பு 0.6 வோல்ட்தான். கடைகளில் மலிவாகத் தொங்கும் கேபிள்களில் பல, தடித்த ரப்பர் உறைக்குள் செம்பு பூசிய மெல்லிய அலுமினியக் கம்பியைக் கொண்டவை. உறையின் பருமனைப் பார்த்து வாங்குகிறவர், வண்டி கிளம்பாதபோது உதவ வந்தவருடைய பேட்டரியைக் குறை சொல்வார்.

இணைக்கும் வரிசையில் சமரசம் கிடையாது. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். சிவப்பு கிளிப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் ப்ளஸ்ஸிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மாட்டிய பிறகு, கறுப்பு கிளிப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பில் கவ்வ வைக்க வேண்டும். கடைசி கிளிப் தொடும் கணத்தில் பொறி பறக்கும் என்பதும், பேட்டரி வெளியிடும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது என்பதும்தான் இதற்குக் காரணம். சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் கார்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் மைனஸ் டெர்மினலிலேயே உட்கார்ந்திருப்பதால், அவற்றின் பேட்டரி கரண்டை ஏற்கும் பக்கமானாலும் கொடுக்கும் பக்கமானாலும், கறுப்பு கிளிப்பைத் தயாரிப்பாளர் காட்டும் எர்த் முனையில் போடுவதே முறை. உதவும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு இறங்கிய வண்டியைப் பத்து வினாடிக்கு மேல் போகாமல் முயன்று பார்க்க வேண்டும். கிளம்பியதும், கழற்றுவதற்கு முன் அந்த வண்டியில் ஏசி ஃபேனைப் போட்டுவைத்தால் கழற்றும்போது எழும் வோல்ட்டேஜ் அதிர்ச்சி அதில் தணியும். கழற்றுவது மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழ்.

நெடுஞ்சாலையில் உதவிக்கு நிற்கும் லாரி ஓட்டுநரின் நல்ல மனதை ஏற்பதற்கு முன் அவர் வண்டி எத்தனை வோல்ட் என்று கேட்டுவிட வேண்டும். லாரிகளும் பஸ்களும் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. அந்த வோல்ட்டேஜ் 12 வோல்ட் காரின் கம்ப்யூட்டர்களைப் பொசுக்கிவிடும். ஹைப்ரிட் காரையோ மின்சாரக் காரையோ உதவும் வண்டியாக வைப்பதைப் பல தயாரிப்பாளர்கள் தடை செய்திருக்கிறார்கள். இவற்றைவிட அன்றாடமான சிக்கல் ஒன்றும் உண்டு: அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், மூக்கைச் சுவரில் முட்டக் கொடுத்து, இருபுறமும் தூண்களுக்கு நடுவே நிற்கும் காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரைக் கொண்டுவர முடியாது, அங்கே 3 மீட்டர் கேபிள் எட்டாது.

அந்த அடித்தளத்தில்தான் லித்தியம் பெட்டி வெல்கிறது. அதற்கு இன்னொரு வண்டி தேவையில்லை. தரமான பெட்டிகள் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டால் கரண்டையே விடாது. ஆனால் முற்றாகச் செத்த பேட்டரியைப் பெட்டியால் உணர முடியாதபோது அழுத்துவதற்கென்று பல பெட்டிகளில் ‘பூஸ்ட்’ பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும், ஆகவே நிறங்களை இருமுறை சரிபார்த்துவிட்டே தொட வேண்டும். அட்டையில் அச்சிட்டுள்ள ‘பீக்’ ஆம்பியர் கண நேரத்துக்கு மட்டுமே கிடைக்கும்; டீசல் கார் வைத்திருப்பவர் தன் எஞ்சின் அளவுக்குப் பெட்டி ஏற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இதன் உண்மையான பலவீனம் வெயில். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தொடக்கூடியது, அது லித்தியத்துக்கு ஆகாத சூடு. பெட்டியை வீட்டில் வைத்தால் வழியில் உதவாது, காரில் வைத்தால் ஆயுள் குறையும். எனவே கோடையில் பயணத்தின்போது மட்டும் எடுத்துச் செல்வதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுவதும் கட்டாயம். இந்த ஒழுங்கு கைவராதவர்களுக்குக் கனமான செம்புக் கேபிளே உத்தமம். கைவருபவர்களுக்கு, குறிப்பாகத் தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு, பெட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

தள்ளு ஸ்டார்ட் மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான். கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி காரில் கிளட்ச்சை இயக்குவதே மின்சாரம் என்பதால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. மேனுவலிலும் எஞ்சின் உயிர் பெறும்வரை பவர் ஸ்டீயரிங் உதவாது, பிரேக் கட்டையாக இறுகும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகும். வேறு வழி இல்லாதபோது, சமதளத்தில், இரண்டாவது கியரில் முயன்று பார்க்கலாம், சரிவில் வேண்டாம்.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் நேரே உதவிச் சேவையை அழைப்பதே நல்லது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் அவை கண் திறக்காது. அதன் முனைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். பேட்டரிக் கடைக்காரரை அழைத்தால், புதுசு போடச் சொல்வதற்கு முன் பேட்டரியின் திறனைச் சோதிக்கும் லோட் டெஸ்டர் கருவியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரவில் விளக்கை அணைக்காமல் விட்ட வெறும் தவறுக்காக நல்ல பேட்டரியை மாற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

எந்த வழியில் கிளம்பினாலும், ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. முழுதாக இறங்கிய 45 ஆம்பியர்-அவர் பேட்டரி 4 ஆம்பியர் சார்ஜரில் நிறைய 12 மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். நிறைந்து, ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வரை ஏறும். ஓடும்போதும் 13-க்குக் கீழேயே நின்றால், புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; அவை சரியாகாதவரை புதிய பேட்டரியும் சில நாட்களில் இறங்கத்தான் செய்யும்.