சீனியர் இயர் கணக்கு: கால்குலஸ் ஏபியா, பிசியா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா, கம்யூனிட்டி காலேஜா?

அமெரிக்கப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் பிரீகால்குலஸ் படிக்கும் பிள்ளைக்கு, அடுத்த வருடக் கணக்கு எது என்ற கேள்வி வசந்த காலத்திலேயே வந்துவிடும். பதில் சொல்லுமுன் காலண்டரைப் பாருங்கள். கால்குலஸ் ஏபி (AB), கால்குலஸ் பிசி (BC), ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூன்றும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் பாடங்கள், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள். அவற்றின் தேர்வு மே மாதம். மதிப்பெண் வருவது ஜூலையில். கல்லூரிகளோ ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடிவைச் சொல்லிவிடும். ஆக, பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு கிரெடிட்டுக்குத்தான் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் மீண்டும் படிக்காமல் கணக்கில் சேர்ப்பது) உதவும், அட்மிஷனுக்கு அல்ல. அங்கே எடைபோடுவது வகுப்பின் பெயரையும், பள்ளிக் கவுன்சிலர் பாதி வருடத்தில் கல்லூரிகளுக்கு அனுப்பும் மிட்-இயர் ரிப்போர்ட்டில் இருக்கும் கிரேடையும்.

இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபிசிக்ஸ் என்று போகிறவர்களுக்குப் பள்ளியில் பிசி இருந்தால் பிசிதான். ஏபி எடுத்துவிட்டுத்தான் பிசிக்குப் போக வேண்டும் என்பதில்லை. பாடத்திட்டப்படி பிசிக்குள் ஏபி முழுதும் அடங்கும். (சில பள்ளிகள் மட்டும் ஏபி முடித்தவர்களைத்தான் பிசியில் சேர்க்கும்.) அதற்கு மேல் டெய்லர் தொடர், போலார், பாராமெட்ரிக் சமன்பாடுகள், பகுதித் தொகையிடல் எல்லாம் சேரும். பிசி தேர்வெழுதினால் ஏபி பகுதிக்கும் தனி மதிப்பெண் கிடைக்கும். பல பல்கலைக்கழகங்கள் ஏபிக்கு ஒரு செமஸ்டர், பிசிக்கு இரண்டு செமஸ்டர் கிரெடிட் தருகின்றன.

பிசியில் பிள்ளைகள் தடுமாறக் காரணம் பெரும்பாலும் கால்குலஸ் அல்ல. பின்னங்களைச் சுருக்குவதிலும் திரிகோணமிதிச் சூத்திரங்களிலும் கை ஓடாததுதான். போதாக்குறைக்கு, வகுப்பு வேகமெடுக்கும் அக்டோபரில்தான் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களின் நவம்பர் 1 கெடுவுக்கான விண்ணப்பக் கட்டுரைகளும் கழுத்தை நெரிக்கும். பிரீகால்குலஸில் பி கிரேடைத் தக்கவைக்கவே திணறியவர் ஏபி எடுத்து ஏ வாங்குவது மேல். பிசியில் சி வாங்கினால் அதை மிட்-இயர் ரிப்போர்ட் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸை ‘லேசான கணக்கு’ என்று ஒதுக்குவது நம்மவர்கள் பழக்கம். உளவியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறவருக்கு அதுதான் கல்லூரியில் நேராகக் கைகொடுக்கும். பிசினஸ் என்றால் எச்சரிக்கை வேண்டும்: பல இளநிலைப் படிப்புகளில் முதல் வருடமே கால்குலஸ் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நான்காம் வருடக் கணக்காகச் செல்லும். ஆல்ஜீப்ரா 2-க்கு மாற்றாகச் செல்லாது.

பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) எடுக்கும் கால்குலஸ் ஒரே செமஸ்டரில் முடியும், டிசம்பரிலேயே கிரேடும் வந்துவிடும். பல இடங்களில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமும் இல்லை. அதே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் பெரும்பாலும் செல்லுபடியாகும். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்குக் கிரெடிட் தருவதில்லை. பெற்றோர் கவனிக்கத் தவறுவது வேறொன்று: அந்த கிரேடு நிரந்தரக் கல்லூரி ஆவணம். பின்னாளில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியல்) கொடுத்தாக வேண்டும். எனவே முதல் தேர்வு கவிழ்ந்தால், பாடத்தின் பெயரே பதிவாகாமல் விலகும் கடைசித் தேதிக்குள் முடிவெடுங்கள். அது வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடும். தவறவிட்டு விலகினால், பாதியில் விலகியதைக் காட்டும் டபிள்யூ (W) டிரான்ஸ்கிரிப்டில் விழும்.

பள்ளியில் பிசி முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த நிலையான மல்டிவேரியபிள் கால்குலஸ் எடுக்கக் கம்யூனிட்டி காலேஜே நல்ல வழி. மற்றபடி, ஆசிரியர் நன்றாக இருக்கும் பள்ளியில் பிசி இருக்க, வெளியே அலைய அவசியமில்லை.

எதை எடுத்தாலும், விண்ணப்பம் அனுப்பிய பிறகு பிசியிலிருந்து ஏபிக்கு இறங்கினாலோ ஒரு வகுப்பைக் கைவிட்டாலோ, விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் உடனே எழுதித் தெரிவியுங்கள். கோடையில் போகும் இறுதி டிரான்ஸ்கிரிப்டில் அவர்களே கண்டுபிடித்தால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.