கடற்கரை வில்லாவுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று மதியம்தான் கடைசி பதில் வந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்காதாம். வில்லாவின் விலையில் 20 விழுக்காடு, எங்களுடைய 11 வருடச் சேமிப்பு. எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. ஆனால் இப்போதே எழுதாவிட்டால் அடுத்த வாரம் வேறு யாராவது அதே பால்கனியில் நின்று தலையாட்டிவிடுவார்கள்.

சீசன் மாதங்களில் வாடகைக்கு விடுவது, மற்ற மாதங்களில் நாங்கள் இருப்பது, வாடகையை வைத்துத் தவணை கட்டுவது என்பதுதான் எங்கள் திட்டம். வீடு விற்கும் ஆப் ஒன்றில் இந்த வில்லாவைப் பார்த்தோம். 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை முத்திரை போட்டிருந்தார்கள். யார், எதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்துத்தான் தரகர் கூட்டிப் போனார். சாவியை என் மனைவி கையில் கொடுத்து, "அக்கா, உங்க வீடு, நீங்களே திறங்க" என்றார். எங்களைப் பால்கனியில் விட்டுவிட்டு அவர் கீழே போய்விட்டார். கைப்பிடியில் புது பெயின்ட், உள்ளங்கையில் லேசாக ஒட்டியது. வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். முட்டிவலியோடு இருக்கும் அப்பாவுக்குக் கீழ் அறை என்றுகூட முடிவு செய்துவிட்டோம். இறங்கி வந்ததும் தரகர் போனை நீட்டினார். வாடகை நாட்காட்டியில் நான்கு மாதத்துக்கு ஒரு நாள்கூடக் காலியில்லை. "அண்ணே, கூடப் பிறந்தவனா நினைச்சுச் சொல்றேன், நாளைக்கு இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வர்றாங்க." அந்த 'கூடப் பிறந்தவன்'தான் என்னை விழவைத்தது. அன்றிரவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 20 விழுக்காட்டையும் உரிமையாளர் கணக்கில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். நேராகப் பால்கனிக்கு அடியில் போய் நின்று சின்னச் சுத்தியலால் தட்டினார். பொள்ளலாகச் சத்தம் வந்தது. இன்னொரு தட்டில் பட்டியும் பெயின்டும் பெயர்ந்து விழுந்தன. உள்ளே கம்பி செங்கல் நிறத்தில், ஏடு ஏடாக உரிந்து நின்றது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஏறிய கம்பி பருத்து மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும் என்று விளக்கினார். அந்தப் புதுப் பெயின்ட் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

அது பரவாயில்லை, செலவு செய்தால் சரியாகும். அடுத்து அவர் சொன்னதுதான் அடி. உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் கரையில் எட்டும் எல்லையிலிருந்து, அளந்தால் பாதி வீடு கட்டுமானத் தடை உள்ள பகுதிக்குள் வருகிறது. வங்கி கடன் தராது. பத்திரத்தோடு தந்த பழைய வரைபடத்தில் கடல் தள்ளித்தான் இருந்தது. கரை அரித்து உள்ளே வந்திருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று இப்போது உட்கார்ந்து படிக்கிறேன். வரைபடம் எந்த வருடத்தது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

நாட்காட்டி விஷயமும் பிறகுதான் தெரிந்தது. விருந்தினர் பதிவு செய்த நாளும் உரிமையாளரே அடைத்து வைத்த நாளும் வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வாடகை வரவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்டேன், இன்றுவரை தரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் கூடப் பிறந்தவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு நம்பரிலிருந்து அழைத்தேன். "சார், நான் வெறும் தரகர், உரிமையாளரிடம் பேசுங்க" என்றார். அண்ணே, சார் ஆகிவிட்டேன். உரிமையாளர், ஆப்பில் புகார் கொடுங்கள் என்றார். ஆப்பில் புகார் எண் கொடுத்து 48 மணி நேரம் என்றார்கள். அதைப் போல நான்கு புகார் எண் சேர்ந்துவிட்டது. கடைசியில் இன்று உரிமையாளரின் வக்கீல் பதில்: கடன் கிடைக்காதது உங்கள் பிரச்சினை, பின்வாங்கியது நீங்கள், எனவே 20 விழுக்காடும் எங்களுக்கே. ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. 11 வருடம்! இரண்டு பேரும் விடுமுறைகூடப் போகாமல் சேர்த்தது.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை உரிமையாளர் கையில் கொடுக்காமல் மூன்றாவது ஆளிடம் நிறுத்தி வையுங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து புதிதாக அளக்கச் சொல்லுங்கள். சொந்தச் செலவில் ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய் பால்கனி அடியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உச்சி வெயிலில். வாடகை என்றால் வங்கிக் கணக்கைக் கேளுங்கள், நாட்காட்டியை நம்பாதீர்கள்.

நாளைக் காலையில் வக்கீலைப் பார்க்கப் போகிறோம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.