கரண்ட் இல்லாமல் ஓடும் ‘காந்த மோட்டார்’: பவுண்டரிக்காரர்கள் கவனத்துக்கு

2022 மின் கட்டண உயர்வுக்குப் பிறகு, “கரண்ட் பில் குறையும்” என்று யார் சொன்னாலும் கோவையில் சிறு பவுண்டரி (இரும்பு வார்ப்பு ஆலை) நடத்துகிறவர்கள் காது கொடுத்துக் கேட்கிறோம். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். உருக்கிய இரும்பை மோல்டில், அதாவது வார்ப்பு அச்சில், ஊற்றும் தானியங்கி லேடில் (சாய்த்து ஊற்றும் பெரிய வாளி), அதைச் சாய்க்கக் கரண்டே வேண்டாத காந்த மோட்டார் என்று சொல்லி, பாதிப் பணத்தை அட்வான்ஸாகவும் மீதியை டெலிவரியிலும் வாங்கிக்கொண்டார்கள்.

டெமோவில் மோட்டார் சுற்றியது, சில எல்இடி பல்புகள் எரிந்தன. கூடவே இரண்டு காகிதங்கள். ஒன்று, ஹோவர்ட் ஜான்சன் என்ற அமெரிக்கர் 1979இல் நிரந்தரக் காந்த மோட்டாருக்கு வாங்கிய பேட்டன்ட். பேட்டன்ட் நிஜம்தான், அதை வைத்து இன்றுவரை ஒரு மிக்சி கூட ஓடியதில்லை. இன்னொன்று இந்தியப் பேட்டன்ட் எண் என்றார்கள். அது வெறும் விண்ணப்ப எண், பணம் கட்டி விண்ணப்பித்தால் யாருக்கும் கிடைக்கும். இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்குக் காப்புரிமை கிடையாது என்று 1970 சட்டத்தின் 3(ஏ) பிரிவே சொல்கிறது.

நல்லவேளை, முதலில் மணலை நிரப்பித்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் மேஸ்திரி பிடிவாதமாக நின்றார். பாதி சாய்ந்ததும் மோட்டார் திணறி நின்றது. லேடில் நிற்கவில்லை. கனம் தாங்காமல் தானாகச் சரிந்து மொத்த மணலையும் கொட்டியது. ஒழுங்கான லேடிலில் வார்ம் கியர் என்ற திருகுப் பல்சக்கரம் இருக்கும். கையை விட்டாலும் அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும். இதில் காசை மிச்சம் பிடிக்கச் சாதாரணப் பல்சக்கரம். உள்ளே 1,400 டிகிரி இரும்பு இருந்திருந்தால் மோல்டு பக்கத்தில் நின்ற பையன் கதி?

அடித்தட்டைக் கழற்றினோம். வரிசையாக ஒட்டிய காந்தங்களுக்குக் கீழே ஒரு சின்ன டிசி மோட்டார், நீல உறை சுற்றிய லித்தியம் பேட்டரி. சார்ஜ் போடும் துளையை வாரண்டி ஸ்டிக்கர் மறைத்திருந்தது. போன் போட்டால், “ஸ்டிக்கரக் கிழிச்சுட்டீங்களேண்ணா, இனி வாரண்டி இல்லீங்க” என்று பதில்!

காந்த மோட்டாரே பொய் என்று சொல்லவில்லை. கரண்ட் மிச்சம் பிடிக்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) பேனில் இருப்பதும் காந்தம்தான். பழைய பேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட்டில் ஓடுகிறது. ஆனால் அந்த 30 வாட்டைக் கொடுத்தாக வேண்டும். காந்தம் இழுத்துக் கொடுப்பதை ஒரு சுற்று முடிவதற்குள் பிடித்து நிறுத்தித் திரும்ப வாங்கிவிடும். போதாததற்கு, சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டினாலே வலு இழக்கத் தொடங்கும். அதைக் கொண்டுவந்து பர்னஸ் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார்கள்.

வியாபாரத்துக்கு வாங்கிய இயந்திரம் என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்றார் வக்கீல். போலீசில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்போது கம்பெனிப் பெயரை மாற்றி, கிணற்று பம்புக்கு என்று அதே சரக்கைக் காட்டுகிறார்களாம். வந்தால் பல்பு வேண்டாம், ஒரு எச்பி மோட்டாரை மாட்டி விடிய விடிய ஓட்டச் சொல்லுங்கள். அடித்தட்டைக் கழற்ற மறுத்தால் அட்வான்ஸ் பேச்சே எடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.