701 என்ஜினுக்கு 4 மி.மீ. லாங் ஸ்ட்ரோக் கிட்: கிராங்க்கை நம்பலாம், பிளேட்டை அளக்காமல் போடாதீர்கள்

யமஹாவின் நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயான சூப்பர்ஜெட் 2021 மாடலிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக்காகிவிட்டது. அதற்கு முந்தைய டூ ஸ்ட்ரோக் யமஹா 701-ஐ வைத்திருப்பவர்கள் இன்னும் அதை விடுவதாக இல்லை. அவர்களுக்காகக் கிடைக்கும் 4 மி.மீ. கிட்டைப் பற்றியது இது. பெட்டியில் இருப்பவை: பின்களில் வெல்டு வைத்து, ராடோடு கூட்டிய கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் வைக்கும் 2 மி.மீ. அலுமினிய பேஸ் பிளேட், இரண்டு பேஸ் பேக்கிங். பிஸ்டனும் ஹெட் வேலையும் நம் கணக்கு.

701-இன் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 68. கிட் போட்டால் ஸ்ட்ரோக் 72, கொள்ளளவு 742 சிசி. அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 751. சிசி கூடுவதைவிட இங்கே முக்கியம் அடி இழுவை, அதாவது குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை. சுண்ணாம்பாறு முகத்துவாரத்திலோ தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையிலோ அலையை உடைத்து வெளியே போக அதுதான் வேண்டும். 10 மி.மீ. கிட்டும் உண்டு; இந்தக் கடலுக்கு அது வேண்டாம். 6,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் 68 ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 14.7 மீட்டர், 72-ல் 15.6, 78-ல் 16.9. 10 மி.மீ. கிட்டில் ராட் அதிகம் சாய்வதால் பிஸ்டன் பாவாடை (அதன் கீழ்ப்பகுதி) சிலிண்டர் பிளாக் சுவரில் அழுத்தித் தேயும். கிராங்க் கேஸையும் நிறையக் குடைய வேண்டியிருக்கும்.

கிராங்க் வேலை சுத்தமாக இருக்கிறது. வி பிளாக்கில் வைத்து டயல் கேஜில் இரு முனையையும் சுற்றிப் பாருங்கள், ஓட்டம் (சுற்றும்போது வரும் கோணல் ஆட்டம்) 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வெல்டு இருப்பது நல்லது. பிரஸ் செய்து மட்டும் விட்ட கிராங்க், அலையில் பம்ப் காற்றைக் குடித்துத் திடீரென்று மறுபடி தண்ணீரைப் பிடிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். இரண்டு சிலிண்டரின் டைமிங்கும் பிறகு ஒன்றாக இருக்காது. கேஸில் உட்கார்த்தும்போது பேரிங் பின்கள் அதனதன் பள்ளத்தில் விழுந்தனவா என்று பார்த்த பிறகே கேஸை மூடுங்கள். மூடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ராடின் பெரிய முனை கேஸில் உரசுகிறதா என்று தெரியும். பிஸ்டன் இப்போது 2 மி.மீ. கீழே இறங்குவதால் பாவாடைக்கும் கிராங்க் வெப்புக்கும் (கிராங்க்கின் வட்டத் தகடு) நடுவே 1 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

குறை பிளேட்டில்தான். ஸ்ட்ரோக் 4 கூடினால் பிஸ்டன் மேலே 2 மி.மீ. ஏறும், அதற்கு ஈடாகத்தான் 2 மி.மீ. பிளேட். ஆனால் பிளேட்டின் கீழே ஒரு பேக்கிங், மேலே ஒரு பேக்கிங். முன்பு இருந்ததோ ஒன்றே ஒன்று. கூடுதலாக வரும் பேக்கிங் 0.5 மி.மீ. என்றால் பிளாக் 2.5 மி.மீ. உயர்கிறது. பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள ஸ்குவிஷ் இடைவெளி அரை மி.மீ. கூடி, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வர வழி திறக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டும் சீக்கிரமே திறந்து, எந்த இழுவைக்காகக் காசு கொடுத்தோமோ அதையே தின்கிறது. கிட்டோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 1.5 மி.மீ. தகட்டில் புதுப் பிளேட் வெட்டிக்கொள்வது சரியான வழி, 1.5-உம் 0.5-உம் சேர்ந்து 2. பழைய பேஸ் பேக்கிங்கை அச்சாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபர் வாயில் (கேஸிலிருந்து கலவை சிலிண்டருக்கு ஏறும் வழி) தகட்டின் விளிம்பு ஒரு நூல்கூட உள்ளே நீட்டக் கூடாது, நீட்டினால் அரத்தால் இழைத்துவிடுங்கள். பேஸ் ஸ்டட்டில் நட்டு பிடிக்கப் போதிய மரை மிச்சமிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பிறகு ஈயக்கம்பி. 2 மி.மீ. சால்டரை பிஸ்டன் பின்னின் நேர்கோட்டில் இரு ஓரமும் வைத்து, ஹெட்டை முறையான டார்க்கில் இறுக்கி, ஒரு சுற்று சுற்றி எடுத்து நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்க வேண்டும். 1.2 மி.மீ. வந்தால் திருப்தி. 1-க்குக் கீழே போனால் விட்டுவிடாதீர்கள்.

போர் அடிக்க ஆர்எக்ஸ் 100 பிளாக் பார்த்துப் பழகிய கை போதும், லைனர் வார்ப்பிரும்புதான். இடைவெளியை மட்டும் பிஸ்டன் பெட்டியில் போட்டிருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பைக் கணக்கில் இறுக்கமாக வைத்தால், ஃபோர்ஜ்டு பிஸ்டன் சட்டென்று விரியும்போது பிளாக்கைச் சுற்றிக் கடல் தண்ணீர் குளிர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும். நாலு மூலையிலும் பிடித்துக்கொள்ளும்.

பூட்டியதும் காற்றுச் சோதனை. இதைத் தவிர்த்தால் மேலே சொன்ன எதற்கும் பலனில்லை. எக்ஸாஸ்ட், இன்டேக், பல்ஸ் குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பால் 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றுங்கள். அது சுமார் 5.8 பி.எஸ்.ஐ. 5 நிமிடம் முள் நிற்க வேண்டும். இறங்கினால் பிளேட்டின் இரு பக்கமும், கிராங்க் சீல்களிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அங்கே நுழையும் காற்றுதான் கலவையில் பெட்ரோலைக் குறைத்து லீனாக்கி பிஸ்டனைத் துளைக்கும்.

கார்ப்பரேட்டரை வெளிநாட்டு அளவுக்கு வைக்காதீர்கள். நம் பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலை வைத்துச் சொன்ன ஜெட்டைவிட (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) 8 சதவீதமாவது கூடுதல் பெட்ரோல் போக வேண்டும். பெரிய ஜெட்டில் தொடங்கி, பிளக் நிறம் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் மீதியை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. ஆயில் 40-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 250 மில்லி. கம்ப்ரஷனை 170 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

முகத்துவார மணல் கூலிங் குழாயை அடைக்கும். ஹெட்டுக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் கிட்டில் இல்லை, தனியாக வாங்கிப் போடுங்கள். திரும்பி வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போது என்ஜினை ஓடவிட்ட பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிவிட்டு என்ஜினை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் வந்துவிடும், புதுக் கிராங்க்கின் பேரிங்கில்தான் முதலில் துருப்பிடிக்கும்.