பிரிட்ஜா, லைட்ரூமா, டிஜிகாமா? போட்டோஷாப் அப்டேட்டுக்குப் பிறகு படங்களை எதில் தேடுவது

போட்டோஷாப்பில் ஒவ்வொரு பெரிய அப்டேட் வந்ததும் அதிகம் வசவு வாங்குவது படங்களைப் பார்த்துப் பொறுக்கும் ஜன்னல்தான். இந்தக் கதை பழசு. 2002-இல் வந்த போட்டோஷாப் 7-இல் ஃபைல் பிரவுசர் என்று ஒரு பேனல் உள்ளேயே இருந்தது. 2005-இல் போட்டோஷாப் சிஎஸ்2 வந்தபோது அதைத் தூக்கிவிட்டு பிரிட்ஜ் என்ற தனி மென்பொருளைக் கொடுத்தார்கள். 2013-இல் கிரியேட்டிவ் கிளவுட் என்ற சந்தா முறைக்கு மாறியதும் பிரிட்ஜைத் தனியாகத் தேடிப்பிடித்து இன்ஸ்டால் செய்ய வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் வந்த பிரிட்ஜ் 2023-இல் இடைமுகமே புதிதாகி, பழகிய பேனல்கள் இடம் மாறின.

மாறுவதா, பழையதிலேயே இருப்பதா என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் போடும் நட்சத்திரம், கீவேர்டு, எடிட் எல்லாம் எங்கே எழுதப்படுகின்றன என்பதுதான் கேள்வி. படத்தின் பக்கத்திலேயே எழுதும் மென்பொருள் ஒரு வகை. தனக்கென ஒரு பேரேடு வைத்து அதில் எழுதுவது இன்னொரு வகை. அப்டேட்டுக்குப் பின் வரும் தொல்லைகளில் பாதி, இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதால் வருபவை.

பிரிட்ஜ்: உள்ளதை உள்ளபடி காட்டும்

பிரிட்ஜில் இம்போர்ட் என்ற சடங்கு கிடையாது. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் படம் தெரியும், அவ்வளவுதான். ரா படத்துக்கு, அதாவது கேமரா பதிவுசெய்த அசல் தரவுக்கு, நட்சத்திரம் போட்டால் அதே பெயரில் தகவலை மட்டும் எழுதி வைக்கும் ஓர் எக்ஸ்எம்பி ஃபைல் பக்கத்தில் முளைக்கும். ஜேபெக், டிஃப், டிஎன்ஜி என்றால் தகவல் படத்துக்குள்ளேயே எழுதப்படும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஆயிரம் ஜேபெக்குக்கு நட்சத்திரம் போட்டால் ஆயிரமும் மாறிய ஃபைல்கள். உங்கள் கிளவுட் பேக்கப் அத்தனையையும் மறுபடி ஏற்றத் தொடங்கலாம். ரா-வில் எடுத்திருந்தால் சின்ன எக்ஸ்எம்பி மட்டும் போகும்.

பிஎஸ்டி மட்டுமில்லாமல் இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், பிடிஎஃப் ஃபைல்களையும் ஒரே ஜன்னலில் காட்டுவது பிரிட்ஜின் பெரிய பலம். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கும் பத்திரிகை லேஅவுட் செய்பவர்களுக்கும் லைட்ரூம் இதற்கு மாற்றாகாது. அடோபி கணக்கு இருந்தால் பிரிட்ஜ் இலவசம். ஆனால் பிரிட்ஜிலிருந்து கேமரா ராவை, அதாவது ரா படங்களை எடிட் செய்யும் அடோபி கருவியை, திறக்க, சந்தாவில் உள்ள போட்டோஷாப் போன்ற மென்பொருளை ஒரு முறையாவது அந்தக் கணினியில் திறந்திருக்க வேண்டும். புதிதாக இன்ஸ்டால் செய்தவுடன் ‘கேமரா ராவில் எடிட் செய்ய முடியாது’ என்று செய்தி வந்தால் முதலில் போட்டோஷாப்பைத் திறந்து மூடிவிட்டு வாருங்கள்.

அப்டேட் செய்யும்போது கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்து, பழைய பதிப்புகளை நீக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய பிரிட்ஜும் புதியதும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்கலாம். உங்கள் ஒர்க்ஸ்பேஸ் அப்படியே இடம்பெயரும் என்று நம்ப வேண்டாம். அப்டேட்டுக்கு முன் பேனல் அமைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், புதியதில் இழுத்து அமைத்துப் புது ஒர்க்ஸ்பேஸாகச் சேமிக்க ஐந்து நிமிடம் போதும்.

‘புது பிரிட்ஜ் மெதுவாக இருக்கிறது’ என்ற புகார் பெரும்பாலும் கேஷ், அதாவது தம்ப்நெயில்களைச் சேமித்து வைக்கும் இடம், சம்பந்தப்பட்ட விவகாரம். புதிய பதிப்பு எல்லாத் தம்ப்நெயில்களையும் முதலிலிருந்து உருவாக்குகிறது. பெரிய ஃபோல்டர்களுக்கு டூல்ஸ் மெனுவில் உள்ள கேஷ் பகுதியில் பில்ட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது. மேல் பட்டையில் தம்ப்நெயில் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானும் இருக்கிறது. ‘எம்பெடட்’ என்பது கேமராவே படத்துக்குள் வைத்த ஜேபெக்கைக் காட்டும். வேகம் அதிகம், ஆனால் கேமரா தந்த நிறமும் உங்கள் எடிட்டின் நிறமும் ஒத்துப்போகாது. படம் பொறுக்கும்போது எம்பெடட், எடிட் முடித்துச் சரிபார்க்கும்போது உயர்தரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் படங்கள் கறுப்பாகவோ பழைய வடிவிலோ தெரிந்தால், அந்த ஃபோல்டரின் கேஷை மட்டும் பர்ஜ் செய்தாலே போதும். மொத்தத்தையும் அழிக்க வேண்டாம்.

இன்னொரு எரிச்சல்: படத்தை இருமுறை தட்டினால் பழைய போட்டோஷாப் திறந்துகொள்ளும். பிரிட்ஜின் பிரிஃபரன்சஸில் ஃபைல் டைப் அசோசியேஷன்ஸ் பகுதிக்குப் போய், பிஎஸ்டி, டிஃப், ஜேபெக் ஒவ்வொன்றுக்கும் புதிய பதிப்பைக் காட்ட வேண்டும்.

லைட்ரூம் கிளாசிக்: பேரேடு வைத்திருக்கும்

அடோபியின் இந்த மென்பொருளில் படம் தெரிய முதலில் இம்போர்ட் செய்ய வேண்டும். படம் இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்டலாக் என்ற டேட்டாபேஸில் அதன் முகவரியும் நீங்கள் செய்த எல்லாமும் பதிவாகும். பல ஆண்டுப் படங்களிலிருந்து, இந்த லென்ஸில் எடுத்த நான்கு நட்சத்திரப் படங்களை மட்டும் கேட்டால் சட்டென்று வந்து நிற்கும். ஹார்டு டிஸ்க் இணைக்காதபோதும் ப்ரிவியூக்களைப் பார்க்கலாம். ஸ்மார்ட் ப்ரிவியூ, அதாவது நீளப் பக்கம் 2560 பிக்சல் கொண்ட சிறு நகல், இருந்தால் எடிட்டும் செய்யலாம். தேடல் என்று வந்தால் பிரிட்ஜ் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

இதற்கு விலை உண்டு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலோ பிரிட்ஜிலோ ஃபோல்டரின் பெயரை மாற்றினால் லைட்ரூமில் கேள்விக்குறி வந்து நிற்கும். அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் மூலம் புதிய இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும். பதறிப்போய் நீக்கிவிட்டு மறுபடி இம்போர்ட் செய்தால் கலெக்‌ஷன், வர்ச்சுவல் காப்பி (ஒரே படத்தின் இன்னொரு எடிட்) எல்லாம் போயே போய்விடும். கேட்டலாக் ஃபைலை நெட்வொர்க் டிரைவிலும் வைக்க முடியாது. சந்தா முடிந்துபோனால் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும்.

அடோபியின் இன்னொரு லைட்ரூம், கிளவுடோடு இணைந்தது, 2023 அக்டோபரிலிருந்து லோக்கல் என்ற தாவலைத் தருகிறது. அதில் இம்போர்ட் இல்லாமலே ஃபோல்டரைத் திறந்து எடிட் செய்யலாம். பிரிட்ஜின் புதுத் தோற்றம் பிடிக்காத, ஆனால் கேட்டலாக் சுமையும் வேண்டாத ஒருவர் முதலில் இதைத் தொட்டுப்பார்க்கலாம். கிளாசிக்கின் பிரிண்ட், புக் பகுதிகள் இதில் கிடையாது.

டிஜிகாம்: சந்தாவே வேண்டாதவர்களுக்கு

இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதுவும் டேட்டாபேஸ் வைத்திருக்கிறது, ஆனால் ஃபோல்டர் அமைப்பை அப்படியே மதிக்கிறது. மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் சைட்கார் ஃபைலின், அதாவது படத்தின் பக்கத்தில் முளைக்கும் எக்ஸ்எம்பியின், பெயர். கேனானின் ரா வடிவமான சிஆர்2 படத்துக்கு அடோபி எழுதுவதில் படத்தின் பெயரும் எக்ஸ்எம்பியும் மட்டும் இருக்கும்; டிஜிகாம் இயல்பாக எழுதுவதில் நடுவே சிஆர்2 என்பதும் சேர்ந்து வரும். பெயர் ஒத்துப்போகாததால் ஒன்று போட்ட நட்சத்திரம் மற்றதன் கண்ணில் படாது. மெட்டாடேட்டா செட்டிங்கில் சைட்கார்ஸ் பகுதிக்குப் போய், பெயர் வணிக மென்பொருள்களோடு ஒத்துப்போகும்படி வைக்கும் டிக்கைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு படங்களைத் தொடுங்கள். கேமரா ராவில் செய்த எடிட் மட்டும் எப்படியும் இதில் தெரியாது. அதை முழுமையாகப் படிப்பவை அடோபி மென்பொருள்களே.

விரல் பழக்கமும் வெள்ளை லேபிளும்

லைட்ரூமில் 1 முதல் 5 வரை வெறுமனே தட்டினால் நட்சத்திரம். பிரிட்ஜில் கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட், சேர்த்து அழுத்த வேண்டும். பிரிட்ஜ் பிரிஃபரன்சஸில் லேபிள்ஸ் பகுதியில் கன்ட்ரோல் தேவை என்ற டிக்கை எடுத்துவிட்டால் இரண்டிலும் ஒரே பழக்கம் வேலை செய்யும். பெரிய காட்சிக்கு ஸ்பேஸ் பார், கேமரா ராவுக்கு கன்ட்ரோல் + ஆர், நூறு படங்களுக்கு ஒரேயடியாகப் பெயர் மாற்ற கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆர். போட்டோஷாப்பிலிருந்து பிரிட்ஜுக்குத் தாவ கன்ட்ரோல் + ஆல்ட் + ஓ.

பிரிட்ஜில் சிவப்பு லேபிள் போட்ட படம் லைட்ரூமில் வெள்ளையாகத் தெரிவது பலரைக் குழப்புகிறது. லேபிள் நிறமாகச் சேமிக்கப்படுவதில்லை, சொல்லாகச் சேமிக்கப்படுகிறது. பிரிட்ஜ் சிவப்புக்கு ‘செலக்ட்’ என்று எழுதுகிறது. லைட்ரூம் ‘ரெட்’ என்று எதிர்பார்க்கிறது. லைட்ரூமின் மெட்டாடேட்டா மெனுவில் கலர் லேபிள் செட் பகுதிக்குப் போய் பிரிட்ஜ் டிஃபால்ட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

பிரிட்ஜ், லைட்ரூம் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவேன் என்பவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃபைலை நகர்த்துவதும் பெயர் மாற்றுவதும் லைட்ரூமுக்குள் மட்டும், பிரிட்ஜ் பார்க்க மட்டும். லைட்ரூமின் கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் டிக்கைப் போடுங்கள், இல்லையென்றால் படங்களைத் தேர்ந்து கன்ட்ரோல் + எஸ் கொடுக்கும்வரை பிரிட்ஜுக்கு எதுவும் தெரியாது. ஒரே படத்தை இரண்டு இடத்திலும் மாற்றிவிட்டால், டிஸ்க்கில் இருப்பதை எடுப்பதா, கேட்டலாகில் இருப்பதை மேலெழுதுவதா என்று லைட்ரூம் கேட்கும். எதைத் தேர்ந்தாலும் மற்றது அழியும். ஆகவே பதில் சொல்லும் முன் அந்த ஃபோல்டரின் எக்ஸ்எம்பி ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஜேபெக், டிஃப், டிஎன்ஜி என்றால் படத்தையே நகலெடுக்க வேண்டியிருக்கும்.