டி மொழிக்குள் சி நூலகம்: இம்போர்ட்சியா, டிபிபியா?

டி (D) என்ற நிரல்மொழியிலிருந்து சி (C) மொழி நூலகத்தைக் கூப்பிடுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஸ்ட்ரக்டையும் டி-யில் திரும்ப எழுதி அறிவிக்க வேண்டும், அதுதான் பெரிய தலைவலி. அதிலிருந்து தப்பிக்க டிபிபி (dpp), இம்போர்ட்சி (ImportC) என்று இரண்டு கருவிகள் உள்ளன.

டிபிபி தனிக் கருவி. டி கோப்பிலேயே ஹெடரை (சி நூலகத்தின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பை) இன்க்ளூட் செய்யலாம். அது லிப்கிளாங் (சி கோடை அலசும் நூலகம்) மூலம் ஹெடரைப் படித்து, டி அறிவிப்புகளாக மாற்றி, கம்பைலரிடம் கொடுத்துவிடும். உங்கள் டி கோடும் சி பிரீபிராசஸர் வழியாகப் போவதால், அளபுரு வாங்கும் மேக்ரோக்கள்கூட (கம்பைலுக்கு முன்பே வேறு கோடாக விரியும் பெயர்கள்) வேலை செய்யும். இதில் ஒரு வம்பும் உண்டு: ஹெடரில் இருக்கும் ஏதோ ஒரு மேக்ரோவின் பெயரும் உங்கள் மாறியின் பெயரும் ஒன்றாக இருந்தால், பிழைச் செய்தியைப் பார்த்து விழிக்க வேண்டியதுதான். தவிர, பில்ட் செய்யும் ஒவ்வொரு கணினியிலும் லிப்கிளாங் வேண்டும்.

2021-இல் வந்த இம்போர்ட்சி கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. சி11 (சி மொழியின் 2011 தரநிலை) கோடை நேரடியாகப் படிக்கும். ஹெடரை இன்க்ளூட் செய்யும் இரண்டு வரி சி கோப்பை எழுதி, அதை டி மாட்யூல் போல இம்போர்ட் செய்தால் போதும். சி ஃபங்ஷனைக் கம்பைல் நேரத்திலேயே ஓடவிடலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எளிய மாறிலி மேக்ரோக்கள் தானாக வந்துவிடும். சிக்கலானவை தகராறு செய்யும். கம்பைலருக்கே உரிய நீட்டிப்புகள் நிறைந்த ஹெடர்களிலும் சில சமயம் இடறும்.

புதிய புராஜெக்ட் என்றால் நான் இம்போர்ட்சியில்தான் தொடங்குவேன். மேக்ரோ மயமான நூலகம் என்றால் மட்டும் டிபிபி.